கறிவேப்பிலைக்கு வந்த புள்ளி: பாகான் டாலாம், அன்றும் இன்றும்

போன டுரியான் பருவத்தில் பெரியம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பாகான் டாலாமில் அடுக்குமாடிக் குடியிருப்பு, பன்னிரண்டாவது மாடி. அக்கா கதவைத் திறந்ததுமே ஒரு வாடை முகத்தில் அடித்தது. டுரியான் வாடை இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். இடி மின்னலோடு மழை கொட்டித் தீர்ந்த பிறகு காற்றில் ஒரு காரம் நிற்குமே, அது. பழைய ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தால் மூக்கில் ஏறுமே, அதே வாடை.

"வா தம்பி, பசியாறியாச்சா?" என்றார் அக்கா. உட்காரவிடாமல் நேரே செடிகளிடம் அழைத்துப் போனார். பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்து வரவேற்பறையோடு சேர்த்திருந்தார்கள். கறிவேப்பிலை, துளசி, மணிபிளாண்ட், இரண்டு ஆர்கிட், மலாயில் 'லீடா மெர்துவா', அதாவது மாமியார் நாக்கு என்று சொல்லும் பாம்புச்செடி எல்லாம் வரிசையாக நின்றன. அலமாரியின் மேல் கைப்பெட்டி அளவில் கறுப்பாக ஒரு இயந்திரம்.

"தொட்டி மண்ணு நாத்தம் தாங்க முடியல. இதப் போட்டா அஞ்சு நிமிஷத்துல போயிடுது. ராத்திரி படுக்கப் போறப்ப போட்டுட்டுப் போயிடுவேன். ஆனா இந்தக் கறிவேப்பிலைக்குத்தான் என்னமோ பூச்சி விழுந்திருக்கு. மூணு தடவ வேப்பெண்ணெய் அடிச்சிட்டேன், கேக்க மாட்டேங்குது."

இலையைப் பார்த்தேன். மேல்பக்கத்தில், நரம்புக்கும் நரம்புக்கும் இடையில், மிளகுத்தூள் தூவியதுபோல் பழுப்புப் புள்ளிகள். இலையைத் திருப்பினேன். அடிப்பக்கம் சுத்தம். பூச்சியும் இல்லை, முட்டையும் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. கீழே இருந்த முதிர்ந்த இலைகளில்தான் புள்ளி அதிகம்; நுனிக்கொழுந்தில் குறைவு. பூச்சி பெரும்பாலும் இளந்தளிரைத்தான் முதலில் தேடும். இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது. என் கண் அலமாரியின் மேல் போனது.

அந்தக் கறுப்புப் பெட்டி ஓசோன் இயந்திரம். வாடையை அழிக்கிறது என்று சொல்லி இணையத்தில் விற்கிறார்கள். சில நூறு வெள்ளிக்குள் கிடைக்கிறது.

இதே பாகான் டாலாமில்தான் நான் வளர்ந்தேன். ஜார்ஜ் டவுனுக்கு நேர் எதிரே, கடலுக்கு இந்தப் பக்கம், பட்டர்வொர்த்தை ஒட்டிய ஊர். மலாயில் பாகான் என்றால் படகுத்துறை, டாலாம் என்றால் உள்பக்கம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் ரயில்வேயில் வேலை பார்த்தவர்களும் குடும்பம் குடும்பமாக இங்கே தங்கினார்கள். பினாங்குத் தீவுக்குப் போக பேரி. 1894-இல் தொடங்கிய அந்தச் சேவைதான் 1985-இல் பாலம் திறக்கும்வரை எங்களுக்கு வழி. ஊருக்குச் சற்றுத் தள்ளி 1902 முதல் வெள்ளீயம் உருக்கும் ஆலை. ரயிலே முதலில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிறையோடு நின்றுவிடும். 1967-இல்தான் பட்டர்வொர்த் நிலையம் வந்தது.

இப்படிப்பட்ட ஊரில் வாடைக்கு என்ன குறை? சேற்றுக் கடலின் உப்பு, காயப்போட்ட கருவாடு, டீசல் புகை, பக்கத்து வீட்டு பிலாச்சான் வறுபடும் நெடி, மழைக்குப் பின் சாக்கடை. பலகை வீடுகள், தகரக் கூரை. சுவரின் மேல்பகுதியில் மரச்சட்டங்களுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள். காற்று கேட்காமல் வரும், சொல்லாமல் போகும். வாடையும் அப்படித்தான்.

வீட்டுக்குள் ஏதாவது நாறினால் அம்மா முதலில் கேட்கும் கேள்வி "எங்கேருந்து வருது?" என்பதுதான். மணப்பொருளைத் தேடிப் போகமாட்டார், மூலத்தைத் தேடிப் போவார். அடுப்படி மூலையில் உருண்டுபோன உருளைக்கிழங்கு, கட்டிலுக்கடியில் ஈரச்சாக்கு, கூரைச் சந்தில் செத்த எலி என்று ஏதாவது ஒன்று கட்டாயம் அகப்படும். எடுத்து வெளியே போட்டு, அந்த இடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, பாயையும் தலையணையையும் வெயிலில் போட்ட பிறகுதான் சாம்பிராணி. வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் தேங்காய் ஓட்டுக் கரி நெருப்பில் அதைத் தூவி, வாசலில் தொடங்கி ஒவ்வொரு அறையாகக் காட்டுவார். கதவு சன்னல் எல்லாம் திறந்தே இருக்கும்.

அந்தக் காலத்தைப் புகழ்ந்துவிட்டு நகர எனக்கு மனம் இல்லை. சாம்பிராணிப் புகையும் புகைதான். நெஞ்சுக்கு நல்லதென்று சொல்லமுடியாது. இழுப்பு வந்த என் சின்ன மாமா வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் வாசல் திண்ணைக்குப் போய்விடுவார். ஆனால் அந்தப் புகை வந்த வழியே போய்விட்டது. பலகைச் சந்து அதைப் பிடித்து வைக்கவில்லை.

செடிகளும் அப்போது வீட்டுக்குள் இல்லை. துளசி முற்றத்தில், கறிவேப்பிலை கிணற்றடியில், பாண்டான் குழாயடியில், வேலியோரம் லீமாவ் கஸ்தூரி. பால் டின்னிலும் பிஸ்கட் டின்னிலும் அடியில் ஆணி அடித்து ஓட்டை போட்டு வைத்த தொட்டிகள். புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீரை ஊற்றினால் நாறத்தான் செய்யும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மறுநாள் வெயில் பார்த்துக்கொள்ளும்.

வாடை ஒரு சேதி என்பது அப்போது இந்தக் கடற்கரை முழுக்கத் தெரிந்த பாடம். பிறை ஆற்றுக்கு அப்பால் தொழிற்பேட்டை வளர்ந்த 1970-களில், ஆலைக் கழிவு ஜூரு ஆற்றில் கலந்து மீனும் சிப்பியும் செத்தன. கோலா ஜூரு மீனவர்களுக்கு ஆய்வுக்கூடம் எதுவும் கிடையாது. கண்ணும் மூக்கும்தான் கருவி. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. நீண்ட காலம் அதன் தலைவராக இருந்து 2019-இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸ், தமிழ்நாட்டில் பிறந்து இங்கே வந்தவர். நாறுகிற தண்ணீரில் நறுமணம் கலந்து கொடுங்கள் என்று அந்த மீனவர்கள் கேட்கவில்லை, கழிவை நிறுத்தச் சொன்னார்கள்.

பிறகு வீடுகள் பூட்டிக்கொண்டன. ஒரே நாளில் நடந்ததில்லை அது. கம்பத்து வீடுகள் போய் அடுக்குமாடி வந்தது. திருட்டுப் பயத்தில் இரும்புக் கிராதி, கொசுவுக்குப் பயந்து வலை, வெக்கைக்கு ஏர்கோன். 1997-இல் இந்தோனேசியக் காட்டுத்தீப் புகை வானத்தை மூடியது. 2015-லும் 2019-லும் மறுபடி வந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள், சன்னலைத் திறக்காதீர்கள் என்றார்கள். அது சரியான அறிவுரைதான். ஆனால் புகை போன பிறகும் பல வீடுகளில் சன்னல் திறக்கவில்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் உள்ளே அடைபட்ட மக்கள் செடிகளை உள்ளே கொண்டுவந்தார்கள். கெலாடிச் செடிக்கும் மொன்ஸ்டேராவுக்கும் அப்போது ஏறிய விலையை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. அதே சமயம் கிருமி பயமும் பிடித்துக்கொண்டது. பூட்டிய வீடு, உள்ளே செடி, மனத்தில் கிருமி பயம். ஓசோன் பெட்டி நுழைய இதைவிட அகலமான கதவு வேண்டுமா?

அதற்கு முன்பே அது நம் ஊர்களுக்கு வந்துவிட்டது. தடையை மீறி யாராவது அறைக்குள் டுரியான் தின்றுவிட்டுப் போனால் ஹோட்டல்காரர்கள் இதைத்தான் வைப்பார்கள். பழைய காடி வாங்கி விற்பவர்கள் உள்ளே ஒட்டிய சிகரெட் வாடையை எடுக்க இதைத்தான் வைப்பார்கள். டுரியான் வாடையின் பெரும்பகுதி கந்தகச் சேர்மங்கள். ஓசோன் பட்டால் அவை சிதைந்து போகின்றன. ஆகவே வேலை செய்கிறது என்பது பொய் இல்லை. ஆனால் ஹோட்டல் அறையில் அது ஓடும்போது ஆள் இருக்கமாட்டார், பிறகு கதவைத் திறந்து காற்றாட விடுவார்கள். அக்கா வீட்டில் அது ஓடியபோது பக்கத்து அறையில் பேரப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

ஓசோன் என்பது என்ன? நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் இரண்டு அணுக்கள், ஓசோனில் மூன்று. அந்த மூன்றாவது அணு நிலையாக நிற்காது, கிடைத்ததைப் பற்றிக்கொண்டு எரிக்கப் பார்க்கும். 1839-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சியபோது எழுந்த வாடையை வைத்துத்தான் இதை இனங்கண்டார். பெயரே கிரேக்க மொழியில் 'மணத்தல்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் அந்த நூற்றாண்டில் கடற்கரைக் காற்றில் ஓசோன் நிறைய இருக்கிறது, அதனால்தான் உடம்புக்கு நல்லது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் எச்சம்தான் இன்றைக்கு விளம்பரத்தில் வரும் 'மலைக்காற்றுப் புத்துணர்ச்சி'. நல்ல பயனும் உண்டு: பிரான்சின் நீஸ் நகரம் 1906 முதல் குடிநீரைச் சுத்திகரிக்க ஓசோனைப் பயன்படுத்தியது. அது குழாய்க்குள், தண்ணீருக்குள். வானத்தில் மிக உயரத்தில் அது நமக்குக் குடை. மூக்கு உயரத்தில் அது நஞ்சு.

இதை அரசாங்கமே சொல்கிறது. புகைமூட்டக் காலத்தில் நாம் தினமும் பார்க்கும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டில் கணக்கெடுக்கும் மாசுகளில் ஓசோனும் ஒன்று. மலேசிய வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010-இல் வெளியிட்ட உட்புறக் காற்றுத் தர நெறிமுறை ஓசோனுக்கு வைத்த எல்லை 0.05 பிபிஎம், அதாவது பத்துக் கோடிப் பங்கு காற்றில் 5 பங்கு. அமெரிக்காவின் கலிபோர்னியாவும் வீட்டுக் காற்றுச் சுத்திகரிப்பான்களுக்கு இதே 0.05-ஐத்தான் எல்லையாகச் சட்டமாக்கியது.

அக்கா வீட்டுப் பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த தாளில் 'மணிக்கு 10,000 மில்லிகிராம்' என்று போட்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 9 அடி என்றால் சுமார் 30 கனமீட்டர் காற்று. அந்த அறை 0.05 எல்லையைத் தொட 3 மில்லிகிராம் ஓசோன் போதும். பெட்டி தாளில் உள்ளபடி ஓடினால் அந்த 3 மில்லிகிராம் வெளிவர ஒரு நொடிக்குச் சற்றுக் கூடுதலாகும். அக்கா நம்பவில்லை. தாளில் உள்ளது விற்பனைக்காக ஏற்றிச் சொன்னது, உண்மையில் பத்தில் ஒரு பங்குதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பதினோரு நொடி. அவர் ஓடவிட்டதோ அதைவிட எத்தனையோ மடங்கு நேரம். சுவரிலும் துணியிலும் பட்டு ஓசோன் அழிந்துகொண்டே இருக்கும் என்பது உண்மை. ஆனாலும் அந்த வேகம் பெட்டியின் வேகத்துக்கு ஈடாகாது.

நம் ஊர் ஈரக்காற்றில் இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தப் பெட்டிகள் உயர் மின்னழுத்தத்தைக் காற்றில் பாய்ச்சித்தான் ஓசோனை உண்டாக்குகின்றன. காற்று ஈரமாக இருந்தால் ஓசோன் குறைந்து, கூடவே நைட்ரஜன் ஆக்சைடுகளும் நைட்ரிக் அமிலமும் உண்டாகின்றன. கடலோரத்தில் ஈரம் குறைகிற நாள் ஏது?

செடிக்கு வருவோம். இலையில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் இருக்கின்றன. இலைத்துளைகள் என்று பள்ளியில் படித்திருப்போம். காற்றை உள்ளே இழுக்க அவை திறக்கும்போது ஓசோனும் உள்ளே போகிறது. போய், செல்களைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வை அரிக்கிறது. செத்த செல்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். அதிக நாள் செடியில் இருந்த இலைக்கு அதிக அடி. அதனால்தான் முதிர்ந்த இலை முதலில். அமெரிக்காவில் 1950-களில் திராட்சை இலைகளிலும் புகையிலை இலைகளிலும் இந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு, இது நோயும் இல்லை பூச்சியும் இல்லை, காற்றில் உள்ள ஓசோன் என்று கண்டுபிடித்தார்கள். பிறகு பெல்-டபிள்யூ3 என்ற புகையிலை வகையையே ஓசோனை அளக்கும் செடியாக வயலில் நட்டு வைத்தார்கள். அக்கா வீட்டுக் கறிவேப்பிலை, யாரும் கேட்காமலே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

வண்டிப் புகையிலும் வெயிலிலும் பிறக்கும் ஓசோனால் இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 35 லட்சம் டன் கோதுமையும் 21 லட்சம் டன் நெல்லும் இழப்பாவதாக 2014-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. வயலில் திறந்த வானத்தின்கீழ் இருக்கும் பயிருக்கே இப்படி. பூட்டிய அறையில் பெட்டிக்கு இரண்டடி தூரத்தில் நிற்கும் தொட்டிச்செடிக்கு என்ன கதி?

"ராத்திரிதானே போடுறேன், செடி தூங்குமே" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. பெரும்பாலான செடிகள் இருட்டியதும் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், கறிவேப்பிலையும் அப்படித்தான். அவருடைய கறிவேப்பிலை பட்ட அடி, மூடியும் மூடாமலும் நின்ற துளைகள் வழியாகவும், விடியும்போது அறையில் மிச்சமிருந்த ஓசோனாலும் பட்டதாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் பாம்புச்செடியும் கற்றாழையும் பல ஆர்கிட் வகைகளும் நேர்மாறு. வறண்ட இடத்தில் வாழப் பழகியவை அவை. பகலில் தண்ணீரை இழக்காமலிருக்க வாயை மூடிக்கொண்டு, இரவில்தான் திறக்கும். இரவில் போடுவது பாதுகாப்பு என்று நினைத்து, இரவில் சுவாசிக்கும் செடிகளின் முகத்துக்கு நேரே நஞ்சை ஊதிக்கொண்டிருந்தோம்.

நம் ஆட்களுக்கு இதைப் புரியவைக்க இன்னொரு வழி இருக்கிறது: ரப்பர். நம்மில் பாதிப் பேரின் பாட்டன் பூட்டன் பால்மரம் சீவ வந்தவர்கள். இழுத்துப் பிடித்த இயற்கை ரப்பரில் ஓசோன் பட்டால் குறுக்கே வெடிப்பு விடும். லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்தை ஆராய்ந்த ஹாகன்-ஸ்மித், வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டு எவ்வளவு நேரத்தில் வெடிக்கிறது என்று பார்த்தே காற்றிலுள்ள ஓசோனை மதிப்பிட்டார். அக்கா சமையலறையில் பிஸ்கட் பொட்டலத்தைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்டை எடுத்தேன். இழுக்கும் முன்பே அறுந்து விழுந்தது. அவர் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு செய்யாததை அந்த ரப்பர் பேண்ட் செய்துவிட்டது.

மணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். எனக்கு மனம் அதிகம் வலித்தது அங்கேதான். துளசியைக் கசக்கி முகர்ந்தேன். வாசம் இருந்தது. ஆனால் பக்கத்தில் போனாலே வரவேண்டிய வாசம் அறைக் காற்றில் இல்லை. துளசியிலும் கறிவேப்பிலையிலும் மிளகிலும் உள்ள கேரியோபிலீன் என்ற மணப்பொருள், ஓசோனோடு மிக வேகமாக வினைபுரியக்கூடியது. எலுமிச்சைத் தோலின் லிமோனீனும் மல்லிகையின் லினலூலும் அந்த வரிசைதான். கெட்ட வாடை எது, மல்லிகை வாசம் எது என்று ஓசோனுக்குத் தெரியாது. எளிதில் பற்றுவதை முதலில் எரிக்கும், அது பெரும்பாலும் செடியின் வாசமாகவே இருக்கும். எரிந்த பிறகு வெறுமை மிஞ்சுவதில்லை. லிமோனீனும் ஓசோனும் சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடும் மிக நுண்ணிய துகள்களும் உண்டாகின்றன. தரை துடைக்கும் எலுமிச்சை மணத் திரவத்தை ஊற்றித் துடைத்துவிட்டு இந்தப் பெட்டியை ஓடவிடும் வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாடை போய்விட்டது என்று நாம் நிம்மதியாக மூச்சை இழுக்கிறோம், இழுப்பது வேறொன்றை. போதாக்குறைக்கு மூக்கும் ஓசோனுக்குப் பழகி மழுங்கிவிடுகிறது. வெளியிலிருந்து வந்த எனக்குக் கதவருகிலேயே தெரிந்தது, அந்த வீட்டிலேயே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை.

செடியே காற்றைச் சுத்தம் செய்யுமே என்பார்கள். 1989-இல் நாசாவுக்காக வுல்வர்டன் செய்த ஆய்விலிருந்து பரவிய நம்பிக்கை அது. சிறிய, மூடிய பெட்டிக்குள் செய்த ஆய்வு. 2019-இல் டிரெக்சல் பல்கலைக்கழகத்தினர் இதுபோன்ற ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு, சாதாரணமாகக் காற்று வந்துபோகும் அளவுக்குச் சுத்தம் செய்ய ஒவ்வொரு சதுரமீட்டருக்கும் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்றார்கள். வீடு காடாகிவிடும். 2009-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாம்புச்செடி, மணிபிளாண்ட் போன்றவற்றை ஓசோன் நிரம்பிய அறைக்குள் வைத்துப் பார்த்தார்கள்; செடி இருந்த அறையில் ஓசோன் சீக்கிரம் குறைந்தது. அந்தச் செடிகள் ஓசோனைத் தம் இலைமேல் வாங்கிக்கொண்டன. நாம் பெட்டியை ஓடவிட்டு, செடி அதை விழுங்கட்டும் என்று விடுவது என்ன நியாயம்?

சரி, அக்கா வீட்டுத் தொட்டி ஏன் நாறியது? அம்மா கேட்டிருக்கக்கூடிய அந்தக் கேள்வியைத்தான் நாங்களும் கேட்டோம். ஆளுக்கொரு தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்தோம். கறிவேப்பிலைத் தொட்டியின் அடித்தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குக் கறுப்புத் தண்ணீர். தொட்டியின் ஓட்டையை வேர் அடைத்திருந்தது. மண் களிபோல ஒட்டியது. முட்டை அழுகிய நாற்றம். காற்றுப் புகாத சேற்று மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அது. மேலே புண்ணாக்குத் தண்ணீர், தினம் இரண்டு வேளை ஊற்றிய தண்ணீர், வெயிலும் காற்றும் இல்லாத மூலை. ஓசோன் மண்ணுக்குள் இறங்காது. மேலே வந்த வாடையை மட்டும் எரித்துக்கொண்டிருந்தது. அடியில் வேர் அழுகிக்கொண்டே போனது. நாற்றம் அக்காவிடம் அதைத்தான் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று மதியம் முழுக்க அதே வேலை. அழுகிய வேரை வெட்டி எறிந்தோம். ஆற்றுமணலும் கரித்துண்டும் தேங்காய் நாரும் கலந்த புது மண். அடித்தட்டுகளைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்தோம். விரலை மண்ணுக்குள் விட்டு முதல் கணு வரை காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் என்று சொன்னேன். புண்ணாக்கு வேண்டாம், மக்கிய உரம் ஒரு கைப்பிடி போதும். கண்ணாடிச் சன்னலை ஒரு முழம் திறந்து வைத்தார் அக்கா. பன்னிரண்டாவது மாடிக்குக் கடல்காற்று தாராளமாக வந்தது. அங்கிருந்து பார்த்தால் நீர்ச்சந்தி முழுக்கத் தெரியும். வண்டிகளை ஏற்றிக்கொண்டு போன பழைய பெரிய பேரிகள் 2021 பிறந்தபோதே நின்றுவிட்டன. இப்போது ஓடுவது 2023-இல் வந்த புதுப் படகுகள். அவற்றுக்கு அந்தப் பழைய எண்ணெய் வாடை இல்லை என்று அக்கா சொன்னார். அதை அவர் வருத்தமாகத்தான் சொன்னார்.

ஆறு வாரம் கழித்து படம் அனுப்பினார். புது இலைகளில் புள்ளி இல்லை. பழைய புள்ளிகள் மறையவில்லை, மறையவும் மறையாது. அந்த இலைகள் உதிர்ந்துதான் ஆகவேண்டும். ஓர் ஆர்கிட் பிழைக்கவில்லை.

இந்தப் பெட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் தீப்பிடித்து அணைந்த புகை வாடை, கூரைக்குள் எலி செத்து எடுத்த பிறகும் விடாத நாற்றம் போன்றவற்றுக்குப் பயன்படுத்தலாம். அப்போதும் முதலில் மூலத்தை அகற்றுங்கள். பிறகு ஆட்கள், நாய், பூனை, கூண்டுப் பறவை, மீன்தொட்டி, செடி எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். பறவைக்கு நம்மைவிட நெஞ்சு மென்மை. ஓடி முடிந்ததும் சன்னல்களை எல்லாம் திறந்து, சில மணி நேரம் காற்றாட விட்டு, அந்தக் கார வாடை அறவே போன பிறகு உள்ளே போங்கள். இழுப்பு உள்ளவர்களும் கைக்குழந்தையும் அன்று வேறு வீட்டில் தங்குவது நல்லது. அன்றாட வாடைக்கு, காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்றும், தேவையானால் செயலூட்டிய கரி வடிகட்டியும் போதும். கரி வாடையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, காற்றில் எதையும் சேர்ப்பதில்லை.

செடி வைத்திருக்கும் வீட்டில் இந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தால் இன்றே அணைத்துவிடுங்கள். கறிவேப்பிலையின் கீழ் இலை ஒன்றைப் பறித்து, மேல்பக்கமும் அடிப்பக்கமும் திருப்பிப் பாருங்கள். பிறகு தொட்டியைத் தூக்கி அடித்தட்டைப் பாருங்கள்.